மகரக்கட்டு

தஞ்சையிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சாலை புதுக்கோட்டையை அடைகிறது. திரைப்பட நடிகர் பி. யு. சின்னப்பா 1916-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது. சிறு வயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்த அவர், இனிய குரலால் முதன்மை வேடங்களைப் பெற்றார்.

ஆனால், பருவம் மாறுங்கால் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெருக்கும், குரல்நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் கரகரக்கும். இதனையே ‘மகரக்கட்டு’ என்பர். நடிகரே பாட வேண்டிய அக்காலத்தில் இதனினும் பேரிடர் வேறு யாது? சின்னப்பாவும் குழுவை விட்டு விலக நேர்ந்தது. எனினும் அவர் சோர்ந்திலர். இசையை விடாது பயின்றார், சிலம்பமும் கற்றார்.

1936-இல் ‘சந்திரகாந்தா’ அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் தாங்கினார். 1942-இல் ‘கண்ணகி’யில் கோவலனாகப் பாடி நடித்தார். உடன் நடித்த சகுந்தலாவையே மணந்தார். ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரிலேயே வீடுகள் வாங்கினார். 1951-இல் அவ்வூரிலேயே மறைந்தபோது அவருக்கு வயது 35.