பலகைக்கு ஒரு துணையேடு



மின்சாரம் பாய்ந்த அந்தக் கணத்தில் ஒரு கணினிப் பலகை ஏறத்தாழ ஒன்றும் அறியாத நிலையிலேயே இருக்கின்றது. தன்னோடு இணைந்த நினைவகம் எவ்வளவு, அதனை எழுப்புவது எங்ஙனம், இயங்குதளம் எங்கே கிடக்கின்றது என்பனவெல்லாம் அதற்குத் தெரியா. இவற்றை ஒழுங்குசெய்து, லினக்ஸ் போன்றதோர் இயங்குதளத்திடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும் சிறு மென்பொருளையே பூட்லோடர் என்பர். இவ்வகையிற் பெயர்பெற்ற ஒன்று யூ-பூட். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டெங்க் வளர்த்த இது, முதலிற் பவர்பிசி சில்லுகளுக்கென எழுந்து, பின்னர் வேறு சில்லுகளுக்கும் விரிந்து, 2002 ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது.

புதிய பலகையொன்றை யூ-பூட்டிற் சேர்க்க விரும்புவோர் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. அதே சில்லைக் கொண்டு ஏற்கெனவே இயங்கும் பலகையொன்றைத் தேர்ந்து, அதன் வழியைப் பின்பற்றுவர். பலகைக்குரிய நிரல், எவ்வெவ் வசதிகள் வேண்டும் என்று கூறும் அமைப்புக் கோப்பு, எந்த உறுப்பு எங்கே இணைந்துள்ளது என்று விவரிக்கும் ‘டிவைஸ் ட்ரீ’ ஆகியவை எழுதப்பட்டுப் பலகையும் பேசத் தொடங்கிவிட்டால், வேலை முடிந்ததென்றே பலரும் எழுந்துவிடுகின்றனர். முடியவில்லை. செய்ததை எழுதிவைக்கும் பணி எஞ்சி நிற்கின்றது.

நிரலே யாவற்றையும் சொல்லாதா என்று கேட்கலாம். பீகிள்போன் பிளாக் என்னும் பலகையைப் பாருங்கள். அதன் வெளி நினைவகம் 512 மெகாபைட். ஆயினும் மின்சாரம் வந்தவுடன் அது உறங்கிக் கிடக்கின்றது. சில்லுக்குள் உடனே பயன்படும் இடமோ ஏறத்தாழ நூறு கிலோபைட்தான். ஆதலால் முழு யூ-பூட்டையும் ஒரே தடவையில் ஏற்ற இயலாது. எம்.எல்.ஓ. என்னும் சிறு கோப்பு முதலில் உள்ளே வந்து, வெளி நினைவகத்தை எழுப்பி, அதன்பின்னரே பெரிய கோப்பை அங்கே கொண்டுவருகின்றது. சில்லில் நிலையாகப் பதிந்த நிரல் அந்தப் பெயரையே தேடுவதால், கோப்பின் பெயர் மாறினால் அட்டையிலிருந்து பலகை எழாது.

இன்னொன்று கேளுங்கள். மைக்ரோ எஸ்.டி. அட்டையிலிருந்து தொடங்கவேண்டுமாயின், ஒரு சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். மறுதொடக்கப் பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. மின்சாரம் புதிதாக வரும் வேளையிலேயே சில்லு அந்தப் பொத்தானைக் கவனிக்கின்றது. இது விரலின் வேலை. நிரலின் எந்த வரியைப் படித்தாலும் கிடையாது. வேறொரு பலகையில் இத்தகைய ஒரு வாக்கியம் எழுதப்படாமையால் இரண்டு நாட்களை வீணாக்கியவர்களுள் இப்பேச்சாளனும் ஒருவன்.

ஆகவே துணையேட்டில் முதலில் வரவேண்டியவை இவையே: எந்தக் கட்டளையாற் கோப்புகள் உருவாகின்றன, அவற்றின் பெயர்கள் யாவை, அட்டையில் எவ்விடத்தில் எழுதப்படல் வேண்டும், எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது. தொடர்முனைக் கம்பியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மறத்தலாகாது. பீகிள்போனில் வேகம் 115200, மின்னழுத்தம் 3.3 வோல்ட், 5 வோல்ட் கம்பியைச் செருகினாற் சில்லே பழுதடையக்கூடும். சரியாக எழுந்த பலகை திரையிற் காட்டும் முதல் வரிகளையும் அப்படியே பெயர்த்து எழுதிவிடுங்கள். தன் பலகை எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதைப் புதியவர் அவற்றோடு ஒப்பிட்டே அறிவார். பலகையின் பெருமை பேசும் பத்திகளைத் தாராளமாக விட்டுவிடலாம்.

எழுதி முடித்தபின், அப்பலகையைக் கண்டிராத ஒருவரிடம் ஏட்டைக் கொடுத்துவிட்டு வாய்திறவாது அருகில் இருங்கள். அவர் திகைத்து நிற்கும் இடமே நீங்கள் எழுதாது விட்ட இடம்.

இறுதியாக, பராமரிப்பாளர் கோப்பில் உங்கள் பெயரும் நீங்கள் பொறுப்பேற்கும் கோப்புகளும் இடம்பெறல் வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பலகை அங்கே ‘அநாதை’ என்று குறிக்கப்படும். அத்தகைய பலகைகள் பல, காலப்போக்கில் யூ-பூட்டிலிருந்து நீக்கப்பட்டுள்ளன.