மத்ரஸா: சுருங்கிப்போன ஒரு சொல்

தம்புள்ளையில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்டால், "ஓதப் போயிருக்கு" என்று பதில் வரும். ஓதுவது தமிழ், பிள்ளை போன மத்ரஸா அரபு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்கம் படிக்கும் இடம் மட்டுமே மத்ரஸா என்று முஸ்லிம்களிலும் பலர் நினைக்கிறார்கள். சொல்லின் வரலாறு இரு தரப்புக்கும் இடங்கொடுப்பதில்லை. 'தர்ஸ்' என்றால் பாடம், 'முதர்ரிஸ்' பாடம் நடத்துபவர், மத்ரஸா பாடம் நடக்கும் இடம். கெய்ரோவில் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் அரசாங்கப் பள்ளிக்கும் இதே பெயர்தான். 'தரஸ' என்ற வினை கதிரடிப்பதையும் குறிக்கும்; சூடு மிதிப்பதுபோலத் திரும்பத் திரும்ப ஓதினால்தான் பாடம் மணியாகப் பிரியும். எழுதுவதைக் குறிக்கும் வேரிலிருந்து ஓதும் பள்ளியான மக்தபும் நூலைக் குறிக்கும் கிதாபும் வந்தன. அறிவைக் குறிக்கும் வேரிலிருந்து அறிஞரான ஆலிமும் கற்பிப்பவரான முஅல்லிமும். ஆனால் ஆசிரியரைக் குறிக்கும் 'உஸ்தாத்' பாரசீகத்திலிருந்து வந்தது. மாணவரைக் குறிக்கும் 'தில்மீத்' அரமேயத்திலிருந்து. யூதர்களின் வேத விளக்கத்தைக் குறிக்கும் 'மித்ராஷ்' மத்ரஸாவுக்கு உறவுச் சொல். கல்விக்கான சொற்களை அயலாரோடு கொண்டும் கொடுத்தும் வளர்த்த மொழி அரபு.

வேர் எதுவானாலும் வழக்குத்தானே பொருளைத் தீர்மானிக்கிறது, இலங்கையில் மத்ரஸா என்றால் மார்க்கக் கல்விதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கேயே வேறு வழக்கும் இருந்திருக்கிறது. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை, முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலக் கல்வியில் பின்தங்கிவிடக் கூடாது என்று போராடியவர். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. 1892இல் கொழும்பு மருதானையில் புதுமுறைக் கல்விக்காகத் தொடங்கிய பள்ளிக்கு வைத்த பெயர் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். பெயரிலிருந்த மத்ரஸா போய்க் கல்லூரி வந்தது. பிற்பாடு மார்க்கக் கல்விக்கு மட்டும் மத்ரஸா என்ற பெயர் ஒதுங்கியது. அந்த ஒதுக்கம் நமக்கு இழப்பு என்பதே என் எண்ணம்.

மார்க்கத்தின் சாயல் ஒட்டிய பெயர் பொதுக் கல்விக்குப் பொருந்தாது என்றும் சிலர் சொல்லக்கூடும். அப்படியென்றால் பள்ளிக்கூடம் என்றும் சொல்ல முடியாது. மதுரை மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலுள்ள 'பள்ளி' துறவிகளின் குகை உறைவிடம். இன்று அதே பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள், முஸ்லிம்கள் தொழுகிறார்கள். சிங்களவர் சொல்லும் பிரிவெனாவும் பாளியில் பிக்குகளின் இருப்பிடத்தைக் குறித்ததே. பிக்குகள் தங்கிய குகைகளைக் கொண்ட தம்புள்ளையில், மத்ரஸாவை மட்டும் அந்நியச் சொல் என்று ஒதுக்குவதற்குக் காரணம் எதுவுமில்லை.