ஒரே ஆசிரியர், இரண்டு மாணவர்கள்: ஒருவர் மன்னர், ஒருவர் கவிஞர்

பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளையிடம், "இத்தனை வருஷம் படித்து என்ன கண்டாய்?" என்று கேட்டால் உடனே பதில் வராது. மதிப்பெண் பட்டியலைத்தான் நீட்டுவான். உண்மையான பதில் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, அவன் செய்யும் காரியங்களில்தான் தெரியும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு லுத்தரன் பாதிரியாரின் நிழலில் படித்த இரண்டு மாணவர்கள் அப்படி ஒரு பதிலை விட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் இரண்டாம் சரபோஜி மன்னர். இன்னொருவர் வேதநாயக சாஸ்திரியார். ஆசிரியர், சுவார்ட்ஸ் ஐயர்.

மணலில் எழுதிய ஐரோப்பியர்

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9-ம் தேதி அங்கே கரை இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் படித்த விதமே தனி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். பாடம் சொல்ல வந்தவர் முதலில் பாடம் கேட்க உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே பள்ளிகள் தொடங்கின. பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. பின்னர் அச்சகம் வந்தது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

இந்தப் பாதிரிமார்கள் ஜெர்மனியின் ஹாலே நகரக் கல்வி முறையில் ஊறியவர்கள். வேதப் பாடத்தோடு கணக்கு, பூகோளம், வானசாஸ்திரம், செடிகொடிகளைப் பற்றிய அறிவு எல்லாம் அந்த முறையில் உண்டு. அந்த வழியில் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர்தான் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் எல்லாம் கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1778-ல் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார்.

ஹைதர் அலி கொடுத்த 300 ரூபாய்

அவருடைய பள்ளிக்கும் கன்னட மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1779-ல் சென்னைக் கவர்னர் சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சமாதானத் தூது அனுப்பினார். ஆங்கிலேயரை நம்பாத ஹைதர் அலி இந்த ஜெர்மானியரை நம்பினார், மரியாதையாக நடத்தினார். புறப்படும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அந்தப் பணத்தைச் சென்னை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "நீரே வைத்துக்கொள்ளும்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதையே முதல் நிதியாக ஒதுக்கச் செய்தார்.

சில ஆண்டுகளில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த சல்லிவன் இதற்குத் துணை நின்றார். 1787-ல் கம்பெனி டைரக்டர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் மானியம் அளித்தார்கள். இங்கே படித்துவிட்டுக் கம்பெனிக் கச்சேரிகளில் கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் போனவர்கள் உண்டு. இங்கிலீஷ் படித்து, பேனா பிடித்து, சொந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போன தமிழர்களின் நீண்ட வரிசைக்கு இவர்கள் முன்னோடிகள்.

நெல்லைச் சிறுவன்

வேதநாயகம் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அவரைச் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். பிறகு தரங்கம்பாடிக்கு அனுப்பி மேற்படிப்பு படிக்க வைத்தார். அங்கே இருந்த டாக்டர் ஜான் இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். ராட்லர் தாவர நூல் வல்லவர். பின்னாளில் தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவர். இப்படிப்பட்டவர்களிடம் வேத சாஸ்திரத்தோடு கணிதம், வானசாஸ்திரம், உடற்கூறு ஆகியவற்றையும் கற்றுத் திரும்பினார். 1794-ல், இருபது வயது நிறைவதற்குள், தஞ்சைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். படித்த பள்ளிக்கே பாடம் சொல்ல வந்துவிட்டார்.

அடைபட்ட இளவரசர்

சரபோஜியின் கதை வேறு. துளஜா மன்னர் 1787-ல் இறக்கும் தறுவாயில் அவரைச் சுவீகாரம் எடுத்துச் சுவார்ட்ஸ் பொறுப்பில் ஒப்படைத்தார். ஆனால் அரியணை அமர்சிங்குக்குப் போயிற்று. சிறுவன் வெளிச்சம் பார்க்காமல், படிப்பில்லாமல் அடைபட்டுக் கிடந்தான். சுவார்ட்ஸ் விடவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு எழுதி எழுதி வற்புறுத்தினார். 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே என்ற பாதிரியார் பாடம் சொன்னார்.

1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். சரபோஜி அந்த உடல்மீது கண்ணீர் வடித்துப் பொன்னாடை போர்த்தி, கல்லறை வரை கூடவே போனார். அதே ஆண்டு அவர் மன்னரானார். மறு ஆண்டே ஆட்சிப் பொறுப்பு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆளக் கோட்டை மட்டுமே மிஞ்சியது. அந்த மன்னர் தம் நாட்களைப் புத்தகத்துக்கும் கல்விக்கும் கொடுத்தார். சரஸ்வதி மகால் நூலகம் அவர் காலத்தில்தான் பெருகியது. தன்வந்திரி மகாலில் வைத்திய ஆராய்ச்சி நடந்தது. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் கிடைத்தது, படிப்பும் கிடைத்தது. கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளையும் ஆதரித்தார். அவர் கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார். சுவார்ட்ஸ் மேல் வைத்த பக்திக்கு அது தடையாக இல்லை.

குறத்தி சொன்ன பூகோளம்

இந்த இரண்டு மாணவர்களும் படித்ததை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் சுவை இருக்கிறது. குறவஞ்சி நாடகத்தில் குறத்தி வருவாள். தன் மலைவளம் சொல்வாள். போய்வந்த ஊர்களை அடுக்குவாள். தமிழ்நாட்டில் பாமரரும் அறிந்த காட்சி இது.

வேதநாயகர் 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். காதல் கொண்ட தலைவி, குறி சொல்லும் குறத்தி எல்லாம் அதில் உண்டு. தலைவன் மட்டும் கிறிஸ்து. தரங்கம்பாடியில் படித்த உலகப் பூகோளத்தையும் வானசாஸ்திரத்தையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். சரபோஜி பெயரால் வழங்கும் மராத்தி நாடகம் தேவேந்திர குறவஞ்சி. அதில் வரும் குறத்தி, தேவலோகத்து இந்திராணிக்கே உலகத்துக் கண்டங்களையும் நாடுகளையும் எடுத்துச் சொல்கிறாள்!

ஒரே ஆசிரியரின் வழியில் வந்த இருவரும் ஐரோப்பியப் பாடத்தை உள்ளூர்க் குறத்தியின் வாயில் வைத்துப் பேச வைத்தார்கள். படித்ததை அப்படியே ஒப்பிக்கவில்லை. சொந்த மக்களுக்குப் புரியும் பாட்டாக மாற்றினார்கள். பள்ளி கொடுத்த படிப்பு செரித்ததற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

கற்றுக் கொடுக்காத பாடம்

அந்தப் பள்ளியின் குறையையும் மறைக்கக் கூடாது. பழைய லுத்தரன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. மூத்த பாதிரிமார்கள் அதைப் பொறுத்துக்கொண்டே போனார்கள். 1820-களில் பின்வந்த மிஷனரிகள் அதை ஒழிக்கப் புறப்பட்டபோது, எதிர்த்து எழுதியவர் வேதநாயக சாஸ்திரியாரேதான். கிரகங்களின் கணக்கைக் கற்ற மாணவர், பக்கத்தில் உட்கார்ந்தவரைச் சமமாக எண்ணக் கற்கவில்லை. கீர்த்தனைகளைப் பற்றியும் தகராறு எழுந்தது. 1829-ல் மிஷன் வேலை போயிற்று. அப்போது அரசவையில் இடம் கொடுத்து ஆதரித்தவர் சரபோஜி. 1833-ல் பிஷப் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பான உத்தரவே போட வேண்டியிருந்தது. ஆசிரியர் கண்டும் காணாமல் விட்டதை மாணவரும் சரியென்றே எடுத்துக்கொள்கிறார். நல்ல பள்ளிகளுக்கும் இது எச்சரிக்கை.

சலவைக்கல்லில் ஒரு நன்றி

சரபோஜி 1801-ல் இங்கிலாந்தில் உள்ள கிறிஸ்தவச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, தம் ஆசிரியருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் வேண்டும் என்று கேட்டார். புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மன் அதைச் செதுக்கினார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்துக் கோயிலில் அது இருக்கிறது. மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ். அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. கட்டிலருகே பள்ளிச் சிறுவர்கள். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலக் கவிதையையும் மன்னரே எழுதினார். பணிவு, நேர்மை, அநாதைகளுக்குத் தந்தையாக இருந்த குணம் ஆகியவற்றைப் பாடிவிட்டு, தாமும் அவருக்குத் தகுந்தவராக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறார். அரியணையில் இருந்தவர் மாணவனாகவே நின்று எழுதிய வரிகள் அவை.

வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்களிலெல்லாம் ஒலிக்கின்றன. வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த தகப்பன்மார், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கட்டடத்தையும் கட்டணத்தையும் பார்த்துத் திகைப்பதுண்டு. பெரிய கட்டடம் இல்லாத தஞ்சைப் பள்ளியை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். தமிழை மதித்துப் படித்த ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். தம் கையில் வந்த 300 ரூபாயையும் பள்ளிக்கே கொடுத்த ஒருவர் இருந்தார். அது போதுமானதாக இருந்தது.