முதலில் உணவு, பின்னரே கேள்வி



மட்டக்களப்பு வாவிக்கரையில் அதிகாலையில் தோணிகள் கரைசேரும் வேளையில் இக்காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். வலையை உதறுவோருக்குச் சற்று அப்பால், கழித்த மீனுக்காக நாய்கள் காத்து நிற்கும். அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் கண்டல் மரங்களின் ஓரமாக ஒதுங்கி நிற்கும். வால் கால்களுக்கிடையே ஒடுங்கியிருக்கும். காதுகள் பின்புறமாகப் படிந்திருக்கும். யாரேனும் ஒரு மீனை எறியக் கையை உயர்த்தினாலே போதும். அது ஓடி மறைந்துவிடும். கொடுக்க உயரும் கைக்கும் அடிக்க உயரும் கைக்கும் வேறுபாடு காண அதனால் இயலவில்லை. யாரோ எறிந்த கல்லும் யாரோ ஊற்றிய கொதிநீரும் அதற்கு அப்பாடத்தைக் கற்பித்திருக்கின்றன.

இவ்வாறு புண்பட்ட உயிர் மனிதரை மீண்டும் நம்புமா? இக்கேள்விக்கு விடைதரும் நிகழ்வொன்று 1924 ஆம் ஆண்டில் ரஷ்யாவில் இடம்பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பர் 23 ஆம் திகதி லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அறிவியலாளர் பாவ்லோவின் ஆய்வுகூடத்து நாய்கள் கூண்டுகளுக்குள் அகப்பட்டு, அரிதின் முயன்று மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்தது, அச்சம் வடியவில்லை. முன்னர் பழகியிருந்தவற்றைச் சில நாய்கள் இழந்திருந்தன. கதவின் கீழாகச் சிறிதளவு நீர் கசிந்தபோதே அச்சம் திரும்பிற்று. ஆயினும் பாவ்லோவின் உதவியாளர் ஸ்பெரான்ஸ்கி, அஞ்சிய நாயுடன் அதே அறையில் இருந்தபோது அதன் பழைய பழக்கங்கள் மீண்டன. அவர் வெளியேறியதும் மறைந்தன. பின்னர் அவருடைய உடையை மறைவில் வைத்தபோது, அதன் வாசனையே அந்த நாய்க்குத் துணையாயிற்று. பழகிய ஒருவரின் உடனிருப்பு அத்துணை வலிமை வாய்ந்தது!

கல்லடி, டச்பார், நாவலடி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து போன பின்னர், கடலின் வழமையான இரைச்சலுக்கே எத்தனை பேர் திடுக்கிட்டெழுந்தனர்! 2007 ஆம் ஆண்டு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தோர் எறிகணை ஓசையை எளிதில் மறப்பரோ? அச்சம் அறிவீனமன்று, அது காயத்தின் நினைவு.

ஆகவே, உங்கள் படலையில் அத்தகைய நாயொன்று வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? எதிரே நின்று அதன் கண்களை உற்று நோக்காதீர்கள். அது அறைகூவலாகத் தோன்றும். பக்கவாட்டில் திரும்பித் தாழ அமருங்கள். உணவை வைத்துவிட்டு விலகிச் செல்லுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் அதே ஆள் அதே மென்குரலுடன் செல்லட்டும். அது ஓடும் வழியை அடைக்காதீர்கள். ஓட இயலும் என்று அறிந்த உயிரே நிற்கத் துணியும். கொட்டாவி விடுவதும், மூக்கை நக்குவதும், முகத்தைத் திருப்புவதும் அச்சத்தின் மொழியாக இருக்கலாம். உறுமினால் அடிக்காதீர்கள், எச்சரிக்கையை அடித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரியாமலே கடிக்கக்கூடும். அதுவாக வந்து முகர்ந்த பின்னர், தலைக்கு மேலாகக் கையை நீட்டாது, மார்பை மெதுவாகத் தொடுங்கள். வாரங்கள் கழியலாம், மாதங்களும் ஆகலாம். ஒரு நாளின் சினம் பல நாள் பொறுமையை அழித்துவிடும்.

அன்போடு விவேகமும் வேண்டும். சிறுவரைத் தனியே அனுப்பாதீர்கள். நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவியுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தெருநாய்களைக் கொல்லாதிருக்கும் கொள்கையை 2006 ஆம் ஆண்டில் நம் நாட்டு அரசு ஏற்றது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது எனத் திருச்சபையின் மறைக்கல்வியும் போதிக்கின்றது. சட்டம் கொலையைத் தடுக்கலாம். நம்பிக்கையை அது பிறப்பிக்க இயலாது. அதனைப் பொறுமையோடு காத்திருப்பவரே பெற்றுக்கொள்வர்.

உயிர்த்த ஆண்டவரும் அவ்வாறே காத்திருந்தார். கரிநெருப்பின் அருகே நின்று ஆண்டவரை மறுதலித்த பேதுரு, திபேரியக் கடலில் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாதிருந்தார். விடியற்காலையில் இயேசு கரையிலே நின்றார். அங்கும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், அருகே அப்பம் (யோவான் 21:9). குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உணவருந்த அழைத்தார், உண்டு முடிந்த பின்னரே தம்மீது அன்பு உண்டா என்று கேட்டார். பேதுரு பிறரால் அடிபட்டவர் அல்லர், தாமே தவறியவர். எனினும் வெட்கத்தால் ஒடுங்கிய உள்ளத்தையும் ஆண்டவர் துரத்திப் பிடிக்கவில்லை, அருகே வரவிட்டார்.

நம் வாவிக்கரையிலும் இவ்வழி அறியப்படாததன்று. இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரினால் காயமுற்ற சிறாரை விளையாட்டினாலும் கலையினாலும் கதையினாலுமே அணுகிற்று.

அன்பார்ந்தவர்களே, நம் இல்லங்களிலும் ஒதுங்கி நிற்பவர்கள் இல்லையா? மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாகத் துன்புற்றுத் திரும்பிய சகோதரி; உரத்த குரல் கேட்டாலே நடுங்கும் பிள்ளை; நெடுநாளாய்ப் பூசைக்கு வராத அயலவர். அவர்களைக் கண்டதும், "என்ன நடந்தது? சொல்!" என்று முதலில் கேள்வியையே நீட்டுகின்றோம். நாமும் அறியாமல் கையை ஓங்கியவர்களாகிவிடுகின்றோம்.

ஏழை இலாசரின் புண்களைச் செல்வர் பொருட்படுத்தவில்லை. நாய்களே அருகில் வந்தன (லூக்கா 16:21). அந்தக் கடனை இவ்வாரம் சிறிதளவேனும் தீர்ப்போம். படலையருகே ஒரு சட்டியில் சோறு வைப்போம். அஞ்சி ஒதுங்கிய ஒருவரின் அருகில், ஒன்றும் கேட்காமல், சற்று நேரம் அமர்ந்திருப்போம். கரையிலே நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவர் அப்பொறுமையை நமக்கும் அருள்வாராக.