விடுமுறை வீட்டில் பச்சைக் குளம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் வீடு கட்டிவிட்டு வெளிநாட்டில் பிழைக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. முன்பெல்லாம் கார் ஷெட், மாடியில் இரண்டு அறை என்பதோடு ஆசை முடிந்துவிடும். இப்போது பிள்ளைகளுக்காகப் பின்புறத்தில் சிறியதாக ஒரு நீச்சல் குளமும் கட்டிக்கொள்கிறோம். பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஜூலை விடுமுறைக்குப் போய் இறங்கினால், குளம் பச்சைப் பட்டு விரித்தது போல இருக்கும். பெட்டியைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் நீச்சல் உடையைத் தேடுவார்கள். நாம் இருக்கப் போவதோ முப்பது நாள்.

எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருமுறை வருத்தத்தோடு சொன்னார்: "கிணத்துக்குப் போடுற அளவுலதானே மக்களே பவுடர் போட்டேன், பின்னையும் பச்சையாத்தான் கிடக்கு." அவர் மேல் தவறில்லை. ஆயிரம் லிட்டர் கிணற்று நீருக்கு இரண்டரை கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறையினர் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு. அது தெளிந்த நீருக்கான கணக்கு. பாசி பிடித்த குளத்துக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். குறைந்த அளவில் போட்டால் பாசி அந்தக் குளோரினைத் தின்று தீர்த்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி தழைக்கும்.

பாசி தன்னளவில் பெரிய விஷமல்ல. ஆனால் அது இருக்கும் இடத்தில் குளோரின் வேலை செய்யவில்லை என்பது நிச்சயம். நெய்யாற்றின்கரையை அடுத்த கண்ணறவிளைப் பகுதியில் 2024 ஜூலையில் நடந்ததை ஊரில் உறவுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர்க் குளம் ஒன்றில் குளித்த இளைஞர் அமீபிக் மூளைக்காய்ச்சலால் இறந்தார். அந்தப் பகுதியில் வேறு சிலருக்கும் நோய் கண்டு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றுத் தேறினார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் கேரளம் முழுவதும் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இடும் இயக்கம் நடந்ததும் இந்த நோயைக் கருதித்தான். நோயைத் தரும் நெக்ளீரியா பவுலரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. பாக்டீரியாவைத் தின்று வளரும். சுவரில் வழுவழுப்பாகப் படியும் பாசிப் படலம் அதற்கு நல்ல மேய்ச்சல் நிலம். தண்ணீரைக் குடிப்பதால் இந்த நோய் வருவதில்லை. தலைகீழாகக் குதிக்கும்போது மூக்கின் வழியே ஏறினால்தான் ஆபத்து. அமெரிக்காவில் 1962 முதல் இந்நோய் கண்ட 160க்கும் மேற்பட்டவர்களில் நால்வரே பிழைத்தார்கள். அரிய நோய்தான், ஆனால் வந்தபின் தப்புவது கடினம்.

இதில் நம்மைப் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு கவனம் வேண்டும். குளித்து ஒரு நாள் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் நோய் தெரியத் தொடங்கும். விடுமுறை முடிந்து விமானம் ஏறிய பிறகு குழந்தைக்குக் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் கண்டால், ஊரில் குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இங்குள்ள மருத்துவருக்கு நாம் சொல்லாமல் அது தோன்ற வாய்ப்பில்லை.

இனிக் குளத்துக்கு வருவோம். எவ்வளவு தேய்த்தாலும் பாசி ஏன் போவதில்லை? பெரும்பாலும் காரணம் மாத்திரைதான். டி.சி.சி.ஏ. என்று கடையில் தரும் வெள்ளை மாத்திரையை மிதவையில் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் கரையும். பூட்டிய வீட்டுக்கு அது வசதி. ஆனால் அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. வெயிலில் குளோரின் சிதைந்துவிடாமல் காக்கும் குடை அது. குடையே இல்லாத குளத்தில் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினை அழித்துவிடும் என்பதால் கொஞ்சம் தேவைதான். 30 முதல் 50 பிபிஎம் போதும் (ஆயிரம் லிட்டரில் ஒரு கிராம் என்பது ஒரு பிபிஎம்). 30,000 லிட்டர் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் இந்த அமிலம் ஏறத்தாழ மூன்றரை பிபிஎம் கூடும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் அப்படியே தங்கிவிடும். வாரம் ஒன்றாக முப்பது மாத்திரை போட்டிருந்தால் நூறைத் தொட்டிருக்கும். அப்போது அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோதனைக் குப்பியில் குளோரின் இருப்பதாகக் காட்டும், குளம் பச்சையாகவே இருக்கும். இதைக் கரைக்க மருந்தில்லை. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுநீர் விடுவதுதான் வழி. இடவப்பாதி மழையில் குளம் நிரம்பி வழிந்திருந்தால் அந்த வேலையை வானமே ஓரளவு செய்திருக்கும்.

ஆகவே ஊர் போனதும் முதலில் சோதனை, அப்புறம்தான் மருந்து. குளோரின், பி.எச்., சயனூரிக் அமிலம் மூன்றையும் பார்க்கும் டெஸ்ட் கிட்டை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போவது நல்லது. நான் முதல் தடவை இது எதுவும் பார்க்காமல் ஒரு கடைக்காரர் கொடுத்த நீலத் திரவத்தைக் கொட்டிவிட்டு, விடுமுறையில் பத்து நாளைத் தொலைத்தேன்.

தழை, சருகு, ரப்பர் இலை எல்லாவற்றையும் வலையால் அள்ளிவிடுங்கள். அடியில் மக்கிய இலை கிடக்கும்வரை எவ்வளவு குளோரின் போட்டாலும் அதுவே குடித்துவிடும். பி.எச். அளவை 7.2 பக்கம் கொண்டுவாருங்கள். இது 8 ஆக இருந்தால் போட்ட குளோரினில் கால் பங்குதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 7.2இல் மூன்றில் இரண்டு பங்கு.

பிறகு பவுடர். ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம் என்றால் 30,000 லிட்டர். சயனூரிக் அமில அளவில் பத்தில் நான்கு பங்கு குளோரின் இருந்தால் பாசி சாகும். அமிலம் 30 என்றால் குளோரின் 12 பிபிஎம், அதாவது 360 கிராம். நூற்றுக்கு முப்பது வலுவுள்ள ப்ளீச்சிங் பவுடரில் அது ஒரு கிலோ இருநூறு கிராம். அமிலம் நூறு என்றால் நான்கு கிலோ வேண்டியிருக்கும். தண்ணீரைப் பாதி மாற்றுவது ஏன் லாபம் என்பது இதில் தெரியும். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பை சில மாதங்களில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, அதில் பவுடரைச் சிறிது சிறிதாகக் கலக்கி, அரைமணி தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் குளத்தில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பும் போனால் குளம் பால் போல் கலங்கிவிடும்.

வெயில் இறங்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ஃபில்டர் இரவு பகல் ஓடட்டும். அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள். சுவரையும் மூலைகளையும் ஏணிக்குப் பின்புறத்தையும் தினமும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. குளோரின் இறங்க இறங்க அதே அளவுக்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை மாறிச் சாம்பல் நிறக் கலங்கலாகும்போது பாசி சாகிறது என்று பொருள். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாம் நாள் பச்சை திரும்புகிறது. எப்போது நிறுத்தலாம் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அந்தி சாய்ந்ததும் குளோரினை அளந்து எழுதி வையுங்கள். சூரியன் உதிக்கும் முன் மறுபடி அளங்கள். வெயில் இல்லாத இரவில் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் அதைத் தின்ன இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது.

சிமெண்ட் பூச்சுக் குளங்களில் கருப்புப் புள்ளிகளாக ஒட்டியிருப்பது வேறு ஜாதி. அது துளைகளுக்குள் இறங்கி, மேலே ஒரு வழுவழுப்பான கவசத்தைப் போர்த்திக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் அந்தக் கவசத்தை உடைத்தால்தான் குளோரின் உள்ளே போகும். டைல்ஸ், ஃபைபர் குளங்களில் கம்பி பிரஷ் கூடாது.

ரப்பருக்கும் கமுகுக்கும் போர்டோ கலவை அடித்துப் பழகிய நம் ஊரில் "கொஞ்சம் துருசு போட்டால் போதும்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். துருசு பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் செம்பு தண்ணீரிலேயே தங்கும், சுவரில் கறையாகப் படியும், கிருமிக்கு எதிரான குளோரினின் வேலையை அது செய்யாது. பச்சை மறைந்த குளம் பாதுகாப்பானது என்று நாம் நம்பிவிடுவதுதான் அதில் பெரிய கெடுதல். அதுபோல, செம்மண் பூமிக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால், குளோரின் போட்டதும் குளம் கட்டஞ்சாயா நிறமாகும். அது பாசியல்ல, ஃபில்டரை ஓடவிட்டு மெல்லப் போக்க வேண்டும்.

ப்ளீச்சிங் பவுடரையும் மாத்திரையையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு வரும். உதவிக்கு வருபவர் அறியாமல் இதைச் செய்துவிடலாம் என்பதால், இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளை எப்போது இறக்கலாம்? ஆழமான பக்கத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு, கரையில் நின்று அது தெளிவாகத் தெரிய வேண்டும். இரவுச் சோதனையிலும் தேறி, குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். கலங்கிய நீரில் மூழ்கிய குழந்தை கண்ணுக்குத் தெரியாது. அமீபாவைவிட அந்த ஆபத்து அதிகம்.

திரும்பும்போது குளத்தை வற்றவிட்டுப் பூட்டுவது நல்ல யோசனையாகத் தோன்றும். வயலோரத்திலும் ஆற்றோரத்திலும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது வெற்றுக் குளம் மேலே தூக்கப்பட்டு விரிசல் விடலாம். நீர் நிறைந்திருக்கட்டும். வாரம் ஒரு நாள் ஃபில்டரை ஓட்டி ப்ளீச்சிங் தெளிநீர் ஊற்ற யாரும் இல்லையென்றால், குளோரினை விட்டுவிட்டுக் கப்பி மீன்களை விடுங்கள். குளம் பச்சையாகும், ஆனால் அண்டை வீட்டாருக்குக் கொசுக்கடி இருக்காது. அடுத்த ஜூலையில் மீனைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுத்தான் பவுடரைத் தொட வேண்டும்.