தாயின் புடவை தாங்கும் ஆசனம்

பெட்டியின் அடியில் தாயாரின் பழைய நூல்புடவை. உடுத்த இயலாது, எறியவும் மனம் வராது. உடுத்திய துணியைத் தெய்வத்திற்குச் சாத்துவது மரபன்று. ஆயினும், பாராயணத்திற்கு அமர்வோரின் கால் நோகாதபடி தாங்கும் ஆசனமாக அதைத் தைத்துக்கொள்ளலாம்.

இதற்கெனக் கருவிகள் வாங்க வேண்டியதில்லை. ஒன்றரை அடிச் சதுரமாக எட்டுத் துண்டுகள் வெட்டி அடுக்கி, நகராதிருக்க மூலைக்கொன்றாகப் பருப்பு டப்பாக்களை வைக்கலாம். கரைந்து மெலிந்த சோப்புத்துண்டு கோடு போட உதவும். துவைத்தால் கோடு மறையும். மூலைகளை வளைவாக்க வளையல் போதும். மெழுகுவர்த்தித் துண்டின்மீது இழுத்த நூல் சிக்காது. பட்டில் மட்டும் மெழுகு கறையாகும், தவிர்க்க வேண்டும்.

பார்வை மங்கியவர்கள் ஊசிக் காதுக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்தால் நூல் கோப்பது எளிது. காலி மாத்திரைப் புட்டியில் ஊசிகளை எண்ணி வைத்து, தைத்து முடித்ததும் மீண்டும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், பழைய காந்தத்தைத் தரையில் நகர்த்தித் தேடிய பிறகே எழ வேண்டும். பேரக்குழந்தை தவழும் இடம் அது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மீது அமர்ந்து பாராயணம் தொடங்கும்போது, அன்று மடியில் இருத்தித் துதி சொல்லிக்கொடுத்தவள் இன்றும் தாங்குவது புலப்படும்.