மீந்த சோறும் கறவை மாடும்

திருவிழாவுக்கு மறுநாள் மீந்த சோற்றை வாளி வாளியாய் மாட்டுக்குக் கொட்டுவதை நாம் தோட்டத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! 'பாவம், தின்னட்டுமே' என்கிற நல்ல மனசுதான். ஆனால் அவ்வளவு சோறும் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். மாடு அசை போடாது; வயிறு கழியும்; படுத்துவிடும். சில மாடுகள் எழுந்திருப்பதே இல்லை. பால் காசும் போச்சு, மாடும் போச்சு. அசை போடுவது நின்றாலே கால்நடை இலாகாவைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

புல்தான் முதல் தீனி. நேப்பியர் புல்லை ஆறேழு வாரத்தில் அறுத்துவிடுங்கள். முற்றினால் வெறும் தண்டுதான். மருந்தடித்த நிரையில் அறுக்கவே வேண்டாம். எந்த நிரை என்று மண்டோரைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்!

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 16 பங்கு அளவில் புரதம் உண்டு. கறவைக்கு நல்லது. செம்மறி ஆட்டுக்கு அதையே போட்டால், அதிலுள்ள செம்பு ஈரலைக் கெடுக்கும். எந்தப் புதுத் தீனியையும் பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்க வேண்டும்.

தண்ணீர்? ஒரு லிட்டர் பாலுக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். 'எங்க மாடு குடிக்கவே மாட்டேங்குது' என்பார்கள். தொட்டியைக் கழுவி எத்தனை நாளாச்சு என்று கேட்டால் பதில் வராது.